முந்தி என்ற பதில்

சேரன்மகாதேவி
7 ஜூலை 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் அவரும் சுகம். வெயில்தான் யாருடைய சுகத்தையும் விசாரிக்காமல் அடிக்கிறது. மலைமேல் உனக்குக் குளிர் எப்படி? சளி பிடித்திருந்தால் மறைக்காமல் எழுது.

உன் அணைக்கட்டுக் குடியிருப்பில் போன் சிக்னல் கிடைக்காதது உனக்கு வருத்தம், எனக்கு வசதி. போனை எடுத்தால் முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. கடிதத்துக்கு ஞாயிற்றுக்கிழமையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். சிரிக்காதே. என் பிஎச்.டி. பதிவு வருகிற ஜனவரி முப்பத்தொன்றோடு முடிகிறது. ஆறு வருடம் போய்விட்டது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

அதனால் ஒரு நேர அட்டவணை போட்டேன். காலை நான்கே முக்கால் முதல் ஆறரை வரை எழுத்து. எட்டு முதல் நான்கு வரை சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. பஸ்ஸில் போகவர வாசிப்பு. சமையலறைக் கதவில் ஒட்டியிருந்ததை அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதுல நா எந்தக் கட்டத்துல வாரேன்?" என்று கேட்டார். யோசித்தேன். சனிக்கிழமைச் சாப்பாட்டுக் கட்டத்தில் 'செந்தில்முருகன்' என்று எழுதிச் சேர்த்தேன்.

சர்க்கரைக்காரர்கள் மாத்திரையை உரிய நேரத்தில் சாப்பிடுகிறார்களா என்பதுதான் என் ஆய்வு. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி ஒரு கடிகாரப் படம் வரைந்து, எங்கள் நிலையத்துக்கு வரும் அறுபத்து நான்கு பேருக்குப் போன ஜனவரியில் கொடுத்தேன். படத்தால் பலன் உண்டா என்று இப்போது இருபது கேள்வி கேட்க வேண்டும். அந்தத் தாள் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். நீயும் சர்க்கரைக்காரன்தானே. உன்னை ஆய்வில் சேர்க்க மாட்டேன், கேள்விகள் புரிகிறதா என்று பார்க்கத்தான். நிரப்பி அனுப்பு.

பதினைந்து நிமிடம் முடிந்தது.

உன் தங்கை
வடிவு


மேலணை
19 ஜூலை 2024

ஏட்டி வடிவு,

அண்ணன் பிச்சைக்கண்ணு எழுதுவது. நான் சுகம், இங்குள்ள குரங்குகள் என்னைவிடச் சுகம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அவரைச் சனிக்கிழமைக் கட்டத்தில் அடைத்ததற்கு நான் வருத்தப்பட்டதாகவும் சொல்.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த பஸ் டிரைவர் முத்துமாலை அண்ணாச்சி, "என்ன வே, கனமா இருக்கு, கோர்ட்டு நோட்டீஸா?" என்றார். "தங்கச்சி பரீட்ச வச்சிருக்கா அண்ணாச்சி" என்றேன். "பாஸாயிருவீரா?" என்றார். இப்போது மலை முழுக்க இதுதான் பேச்சு. மலை என்றால் ஒன்பது பேர்.

நேர அட்டவணை எனக்குப் புதிதில்லை. மணிக்கொரு தடவை நூற்றுப்பத்துப் படி இறங்கி, அணையின் மட்டத்தைப் பார்த்து, பதிவேட்டில் எழுதுகிறவன் நான். நீ ஆளைக் கேட்டு எழுதுகிறாய், நான் தண்ணீரைக் கேட்டு எழுதுகிறேன். தண்ணீர் எதிர்க்கேள்வி கேட்காது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

தாளை நிரப்பிவிட்டேன். பதினான்காம் கேள்வி, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதற்கு, டிக் அடிக்காமல் கையாலேயே 'முந்தி' என்று எழுதியிருக்கிறேன்.

பிள்ளைகள் படிப்புக்காகக் கீழே விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கும் உன் மதினியிடம் ஒரு வார்த்தை சொல். இந்த மாதம் பஸ்ஸில் மாத்திரை அனுப்ப வேண்டாம், நிறைய இருக்கிறது. அதற்குப் பதில் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பச் சொல்.

அண்ணன்
பிச்சைக்கண்ணு


சேரன்மகாதேவி
4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உன் சுகத்தைத் தாளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முந்தியே போட்டுக்கொள்கிறாய். நல்ல பிள்ளை. மதினியிடம் ஊறுகாய் சொல்லிவிட்டேன், உப்பைக் குறைத்து.

கேள்வி கேட்கும் வேலை முடிந்துவிட்டது. ஒரு ஆளுக்கு ஆறு நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். போனில் மணி வைத்து, அடித்ததும் அடுத்த ஆள். வயலில் நடவுக்குப் போகும் மாரிக்கண்ணு என்ற அம்மாள் மட்டும்தான் மணியைப் பற்றிப் பேசினாள். "மாத்திரைய எப்பப் போடுதிய, சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டேன். "மாத்திரயா? முந்தி..." என்று இழுத்தாள். முன் என்ற கட்டத்தில் டிக் அடித்து அடுத்த கேள்விக்குப் போனேன். "பஸ்ஸ விட்டுருவோம்னு பயந்தவ மாதிரில்லா கேக்கிய" என்று சிரித்தாள்.

அறுபத்து நான்கு பேரில் நாற்பத்தொரு பேர் சாப்பாட்டுக்கு முன் போடுகிறார்கள். படம் கொடுக்கும் முன், போன வருடம் கேட்டபோது பத்தொன்பது பேர்தான். ஒரு கடிகாரப் படம் இத்தனை பேரை மாற்றியிருக்கிறது. என் நெறியாளர் பாக்கியசீலன் சார் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். அவர் அப்படிச் செய்தால் பாராட்டுகிறார் என்று அர்த்தம்.

வடிவு


மேலணை
30 ஆகஸ்ட் 2024

ஏட்டி வடிவு,

பதில் தாமதமானதற்குக் காரணம் ஒன்றுமில்லை. எல்லாரும் நலம். முழங்காலில் ஒரு சின்னக் காயம், படியில் இடறியதுதான். மூன்று வாரமாக ஆற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. இரண்டு நாள் கூட வேலை பார்க்கும் பெருமாள்ராஜ் எனக்காகப் படி இறங்கினான், இறங்கின ஒவ்வொரு படிக்கும் என்னை ஏசினான்.

இப்போது தண்ணீர் நிறையக் குடிக்கிறேன். அணைக்காரன் தண்ணீர் குடிக்காமல் யார் குடிப்பது?

நாற்பத்தொன்றுக்குச் சந்தோஷம். உன் சார் கண்ணாடியைத் துடைத்ததை முத்துமாலை அண்ணாச்சியிடம் சொன்னேன். "கண்ணாடி அழுக்கா இருந்திருக்கும் வே" என்கிறார்.

பிச்சைக்கண்ணு


சேரன்மகாதேவி
22 செப்டம்பர் 2024, ஞாயிறு

அண்ணே,

நலம், நலமறிய ஆவல். இன்றைக்கு எட்டு நிமிடம்தான்.

பல்கலைக்கழகத்தில் அக்டோபர் பதினெட்டு வெள்ளிக்கிழமை என் முடிவுகளை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அது சரியாகிவிட்டால் ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுத்துவிடலாம். நான்கு இயல் முடிந்தது, ஒன்று பாக்கி. நாற்பத்தொன்றைத் திரையில் பச்சை நிறத்தில் போடுகிறேன்.

இரண்டு நாவல் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். பிப்ரவரி ஒன்றாம் தேதி பிரிப்பேன். அவர் சுகம் என்று நினைக்கிறேன். நேற்றுச் சனிக்கிழமைக் கட்டத்தில் சந்தித்தோம்.

அண்ணே, உன் முழங்கால்


மேலணை
6 அக்டோபர் 2024

ஏட்டி வடிவு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கவே யோசனையாக இருக்கிறது, பதில் சொல்ல உனக்கு எத்தனை நிமிடம் ஆகுமோ.

உன் கடிதம் 'அண்ணே, உன் முழங்கால்' என்பதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் என்னவாக இருக்கும் என்று நானும் அண்ணாச்சியும் இரண்டு நாள் யோசித்தோம். "கையெழுத்துக்குப் பதிலா முழங்கால் போட்டிருக்கா வே" என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

நேற்றோடு எனக்கு நாற்பத்து நான்கு. பெருமாள்ராஜ் கேசரி கிண்டினான். முந்தியென்றால் பிறந்தநாளுக்குப் பாபநாசத்தில் இறங்கி, ஆற்றில் முங்கி, கோயிலுக்குப் போய்விட்டு வருவேன். முந்தி நூற்றுப்பத்துப் படியை ஒரே மூச்சில் ஏறுவேன். முந்தி டீயில் மூன்று கரண்டி சீனி. முந்தி நீ சொன்ன காலை நடை, முந்தி அந்த வெள்ளை மாத்திரை. எல்லாம் முந்தி. இப்போது கேசரி மட்டும்தான். அதுவும் முந்தி அம்மா கிண்டுவது மாதிரி இல்லை.

பதினெட்டாம் தேதி நன்றாகப் பேசு. கையை ஆட்டாமல் பேசு.

அண்ணன்


சேரன்மகாதேவி
9 அக்டோபர் 2024, புதன்

அண்ணே,

இன்றைக்கு ஞாயிறு இல்லை. நிமிடமும் பார்க்கவில்லை. நான் சுகமா என்ற கேள்விக்குப் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன்.

'முந்தி அந்த வெள்ளை மாத்திரை' என்று எழுதியிருக்கிறாய். அதை நான்கு தடவை படித்தேன். பிறகு ஜூலையில் நீ நிரப்பிய தாளை எடுத்தேன். அதிலும் அதே முந்தி. சாப்பாட்டுக்கு முந்தி என்று நான் படித்திருந்தேன். ஒரு காலத்தில் போட்டேன், இப்போது இல்லை என்று நீ எழுதியிருக்கிறாய்.

நேற்றுச் சாயங்காலமே மாரிக்கண்ணுவைத் தேடிப் போனேன். நாற்றங்கால் வேலை முடிந்து வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கி மாத்திரைய முந்தின்னு சொன்னியளே, சாப்பாட்டுக்கு முந்தியா?"

"இல்லம்மா. முந்தி போட்டேன், இப்பப் போடல. சொல்லத்தான் வாயெடுத்தேன், நீங்க சட்டுன்னு அடுத்ததுக்குப் போயிட்டிய."

"மாசாமாசம் வாங்கிட்டுப் போறதெல்லாம்?"

"பரண்ல இருக்கு. குடுக்கத வேண்டாம்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்லா."

நான் இந்த ஆற்றங்கரையில் பிறந்தவள். 'முந்தி அங்கன வேலை பார்த்தேன்' என்று யாராவது சொன்னால் எனக்குப் புரியாதா? வீட்டில் புரிகிறது, பஸ்ஸில் புரிகிறது. கையில் தாளும் மணியும் இருந்தபோது புரியவில்லை. நாற்பத்தொரு பேரில் எத்தனை பேர் சாப்பாட்டுக்கு முன், எத்தனை பேர் ஒரு காலத்தில் என்று எனக்கு இப்போது தெரியாது. முடிவுகளைச் சொல்ல ஒன்பது நாள் இருக்கிறது. அறுபத்து நான்கு பேரையும் மறுபடி கேட்டால் ஜனவரி என்னை விட்டுப் போய்விடும். கேட்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அது என் பாடு. உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பதினெட்டு வருடமாகப் படியிறங்கிப் பார்க்காமல் ஒரு மட்டம் எழுதாதவன் நீ. நான் 'நல்ல பிள்ளை' என்று எழுதியபோது ஏன் பேசாமல் இருந்தாய்? மாத்திரையை ஏன் நிறுத்தினாய்? ஆறாத காயம், நிறையத் தண்ணீர் என்று நீ எழுதியது இரண்டுமே சர்க்கரை ஏறியதன் அடையாளம், அதை நர்ஸான நான் எட்டு நிமிடக் கணக்கில் படித்திருக்கிறேன். பதில் முதல் பஸ்ஸில் வரட்டும்.

நான் சுகம் இல்லை.

வடிவு


மேலணை
11 அக்டோபர் 2024

வடிவு,

கடிதம் இப்போதுதான் வந்தது. பஸ்ஸை நிறுத்திவைத்துவிட்டு எழுதுகிறேன். அண்ணாச்சி ஹாரன் அடிக்காமல் காத்திருக்கிறார், அதிசயம்தான்.

நான் பொய் எழுதவில்லை. முந்தி என்றுதான் எழுதினேன். நீ தப்பாகப் படித்தாய் என்று தெரிந்தபோது திருத்தியிருக்க வேண்டும். ஆனால் நீ 'நல்ல பிள்ளை' என்று எழுதியிருந்தாய். என்னை யாரும் அப்படிச் சொல்லி ரொம்ப வருடம் ஆகிறது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நிறுத்தின காரணம் இதுதான். காலை ஷிப்டு ஆறு மணிக்கு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்குவேன். இட்லி கீழேயிருந்து பஸ்ஸில் வர வேண்டும். எட்டரை என்பார்கள், பத்தும் ஆகும். அதற்குள் வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். மே மாதம் ஒரு நாள் கடைசிப் படியில் கண் இருட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கீழே தண்ணீர். அதற்குப் பிறகு மாத்திரையைத் தொடவில்லை. மதினிக்குத் தெரிந்தால் இந்த வேலையே வேண்டாம் என்பாள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

'என் பாடு' என்றாயே, அதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பதிவேட்டில் தப்பு வந்தால் அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது. பழைய எண் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியான எண். கையெழுத்து, தேதி. 'படியிறங்கிப் பார்க்காமல் எழுதாதவன்' என்று எழுதியிருக்கிறாயே, 2015 நவம்பரில் ஒரு கோடு என்னுடையது. மழைக்குச் சோம்பி, மேலேயிருந்தே பார்த்து எழுதினேன். அடுத்த மணியில் இறங்கிப் பார்த்தபோது ஒன்றரை அடி கணக்கு உதைத்தது. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் பெரிய என்ஜினியர்கள் வந்து புரட்டுகிறார்கள். கோட்டைப் பார்த்து இதுவரை யாரும் என்னை ஒன்றும் சொன்னதில்லை.

உங்கள் படிப்பில் அப்படி வழி உண்டா என்று உன் சாரைக் கேள்.

அண்ணாச்சி ஹாரன் அடித்துவிட்டார்.

பிச்சைக்கண்ணு


சேரன்மகாதேவி
1 டிசம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருவரும் சுகம். ஏழு வாரம் எழுதாததற்குக் காரணம் நேரமில்லை என்று மட்டும் வைத்துக்கொள். நீ டாக்டரைப் பார்த்ததை மதினி சொன்னாள். மீதியை உன் கையால் எழுது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பாக்கியசீலன் சாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை.

"நானும் நாசரேத்துக்காரன்தாம்மா. 'முந்தி'ன்னா ரெண்டும்தான்னு எனக்கும் தெரியும். எனக்கும் உறைக்கலையே" என்றார். பிறகு, "வெளிய ஒருத்தன் கண்டுபிடிக்கப் போறதில்ல. நீ கண்டுபிடிச்சிட்ட, அதுதான் தொந்தரவு" என்றார்.

முடிவுகளைச் சொல்லும் நாளை ஜனவரி பத்துக்குத் தள்ளிவைத்தோம். முப்பத்தொன்றைத் தள்ளிவைக்க வழியில்லை. ஐந்தாம் இயலை முழுசாக மறுபடி எழுத வேண்டும்.

அறுபத்து நான்கு பேரையும் மறுபடி போய்ப் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை இருபது கேள்வி இல்லை. "மாத்திரையப் பத்திச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். போனைப் பையில் வைத்துவிட்டேன். சிலர் பத்து நிமிடத்தில் முடித்தார்கள். டீக்கடை முகம்மது மைதீன் இரண்டு மணி நேரம் பேசினார். அதில் மாத்திரை வந்தது கடைசிப் பத்து நிமிடம்தான். "நாலு மணிக்குக் கடையத் தொறக்கேன், நாஷ்டா பதினொண்ணுக்கு. அந்த மாத்திரையப் போட்டா டீ ஆத்துத கை ஆடுது நர்சம்மா. டீ கிளாஸ்ல விழாம கஸ்டமர் மேல விழுது."

நாற்பத்தொன்றில் இருபத்தேழு பேர் 'ஒரு காலத்தில்' என்ற முந்திக்காரர்கள். அவர்களில் இருபத்திரண்டு பேருக்கு உன் கதைதான். வெறும் வயிற்றில் மாத்திரை, சாப்பாடு நான்கு மணி நேரம் கழித்து, நடுக்கம், பயம், பிறகு பரண். என் கடிகாரப் படத்தில் காலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரையும் ஏழரைக்கு ஒரு தட்டும் வரைந்திருந்தேன். ஏழரைக்குச் சாப்பிடுகிறவள் இந்தப் பக்கத்தில் அநேகமாக நான் ஒருத்திதான்.

எங்கள் டாக்டர் ஒவ்வொருவராக அழைத்து, அவரவர் சாப்பாட்டு நேரத்தைக் கேட்டு மாத்திரையை மாற்றிக்கொண்டிருக்கிறார். ஆய்வேடு வருமோ வராதோ, அது நடந்துகொண்டிருக்கிறது. இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன், மூன்று வாரமாக எனக்கு ஜனவரியைப் பற்றிய பயம் காலை நேரத்தில் மட்டும்தான் வருகிறது.

அட்டவணையைக் கிழித்துவிட்டேன் என்று நினைக்காதே. நான்கே முக்கால் அப்படியே இருக்கிறது, அது இல்லாவிட்டால் ஐந்தாம் இயல் இல்லை. சாயங்காலக் கட்டங்களை மட்டும் வெறுமையாக விட்டேன். நேற்றுப் பார்த்தால் செவ்வாயிலும் வியாழனிலும் அவர் தன் பெயரைத் தானே எழுதிவைத்திருக்கிறார்.

வடிவு


மேலணை
17 டிசம்பர் 2024

ஏட்டி வடிவு,

நான் நலம், இந்தத் தடவை அத்தாட்சியோடு. வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தது நூற்று நாற்பத்தெட்டுக்கு வந்திருக்கிறது. புது மாத்திரை சாப்பாட்டோடு போடுவது. இட்லி வந்தால்தான் மாத்திரை என்று டாக்டரே எழுதிக்கொடுத்துவிட்டதால், இப்போது அண்ணாச்சி தாமதமாக வந்தால் "வே, நோயாளியக் கொல்லப் பாக்கியளா?" என்று சண்டை போட எனக்கு உரிமை கிடைத்திருக்கிறது. காயம் காய்ந்துவிட்டது.

மதினிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். பேசாமல் இருந்ததே தேவலை.

மழை பிடித்துக்கொண்டது. அணை நிறைந்து, தண்ணீர் விட்டிருக்கிறோம். மணிக்கொரு தடவை என்பது இப்போது கால் மணிக்கொரு தடவை. உன் வீட்டுப் பக்கம் ஆறு கலங்கலாகப் போனால், அண்ணனுக்கு வேலை அதிகம் என்று தெரிந்துகொள்.

நீ எழுது. எனக்குப் பதில் போட வேண்டாம். ஜனவரி முடிந்து போட்டால் போதும்.

அண்ணன்


சேரன்மகாதேவி
2 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நேற்று முழுக்கத் தூங்கினேன். நாவலைப் பிரித்தேன், இரண்டாம் பக்கத்தில் மறுபடி தூங்கினேன்.

பத்தாம் தேதி முடிவுகளைச் சொல்லி முடித்து, முப்பத்தொன்றாம் தேதி மதியம் மூன்றே முக்காலுக்கு ஆய்வேட்டைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் வைத்தேன். அங்கே ஆய்வேடு வாங்கும் எழுத்தர் ஞானசிகாமணி அண்ணாச்சி பக்கம் பக்கமாகச் சரிபார்த்தார். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏம்மா, அச்சுல கோடு விழுந்திருக்கு. இத மாத்திக் கொண்டாங்க."

"விழல அண்ணாச்சி. நாந்தான் போட்டேன்."

"ஆய்வேட்டுல போயி அடிச்சுத் திருத்துவாங்களா?"

அந்தப் பக்கத்தில் பழைய நாற்பத்தொன்று இருக்கிறது. அதன்மேல் ஒரே கோடு. பக்கத்தில் பதினான்கு. அடியில் என் கையெழுத்தும் தேதியும். ஏன் தப்பு நேர்ந்தது என்பதற்கு எட்டுப் பக்கம். அவர் வாங்க மாட்டேன் என்றார். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடும். சாருக்குப் போன் போட்டால் வகுப்பில் இருந்தார். நான்கரைக்கு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "தப்பு தெரியணும்னுதான் அய்யா போட்டிருக்கு" என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். ஞானசிகாமணி அண்ணாச்சி இரண்டு தாளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, நான்கு ஐம்பதுக்கு முத்திரை குத்தினார். "முப்பது வருசத்துல இப்படி ஒண்ணு பாக்கல" என்றார். கோபமா பாராட்டா என்று தெரியவில்லை.

மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

வடிவு


சேரன்மகாதேவி
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். ஷிப்டு மாற ஆள் கிடைக்காமல் நீ வர முடியாமல் போனதில் மதினிக்குத்தான் அதிக வருத்தம். புதுச் சேலை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பத்தொன்பதாம் தேதி வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நேராக நூற்றுப் பதினேழாம் பக்கத்துக்குத்தான் வந்தார். "இதை அழித்துவிட்டுச் சரியானதை மட்டும் போட்டிருந்தால் ஆய்வேடு இன்னும் அழகாக இருந்திருக்குமே?" என்றார். "என்னை மாதிரி அவசரமாகக் கேட்கிற அடுத்த நர்ஸுக்கு அந்தப் பக்கம்தான் தேவை" என்றேன். கையை ஆட்டாமல்தான் சொன்னேன். தேர்வாளர் தன் அறிக்கையில் எழுதியதைச் சார் வாசித்துக் காட்டினார். அதை இங்கே எழுதினால் பெருமையடிப்பது மாதிரி ஆகும், மதினியிடம் கேட்டுக்கொள்.

கடைசியில் தேர்வுக் குழுத் தலைவர், "வந்திருப்பவர்கள் யாரும் கேள்வி கேட்கலாம்" என்றார். அது ஒரு சம்பிரதாயம், யாரும் கேட்பதில்லை. மாரிக்கண்ணு எழுந்தாள். முதல் பஸ்ஸில் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"நர்சம்மா, டாக்டர் ஆயிட்டியன்னா இனி எங்ககிட்ட வந்து கேக்க மாட்டியளோ?"

அரங்கு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்து, "பதில் சொல்லுங்கள்" என்றார். மற்ற கேள்விகளுக்கெல்லாம் நான் தயாராகப் போயிருந்தேன்.

"வெள்ளிக்கிழம வாரேன்" என்றேன்.

"எந்த வெள்ளிக்கிழம?"

"இந்த வெள்ளிக்கிழம."

உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் தலைவர் எழுந்து, முனைவர் சுடலைவடிவு என்று என் பெயரைச் சொன்னார். அவர் எழுந்து கைதட்டினார், செந்தில்முருகனைச் சொல்கிறேன், தலைவரை இல்லை.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை போனேன். களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "இருங்க, இந்த வரிச முடியட்டும்" என்றாள். வரப்பில் உட்கார்ந்திருந்தேன். வரிசை முடிந்து வந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நர்சம்மா, ரெண்டாவது தடவ வந்தப்ப நா சொன்னதுல ஒண்ணு பொய்யி. அன்னைக்கே சொல்லியிருப்பேன். பட்டத்தக் குடுத்து முடிக்கட்டும்னு பேசாம இருந்துட்டேன்."

பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"எழுதப்பிடாது" என்றாள்.

உள்ளே வைத்தேன். அவள் சொல்லத் தொடங்கினாள். அண்ணே, அதை உனக்கும் எழுத மாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

வடிவு